அயலானின் மொழியில் ஒரு சாட்சி



பிழைப்புக்காக ஹைதராபாத் வந்த நாம், காய்கறி வாங்கவும் ஆட்டோவில் ஏறவும் தெலுங்கு கற்றுக்கொண்டோம். இரட்சகரைப் பற்றிச் சொல்ல மட்டும் தமிழரையே தேடுகிறோம். இக்குறை என்னிடத்திலும் உண்டு.

நமக்கு முன்னே இங்கு வந்த ஒரு தமிழர் உண்டு. 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். பிறரை அனுப்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909-ல், நம் நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்றார், தெலுங்கு கற்றார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அங்கே விசுவாசத்துக்கு வந்தோரில் பெரும்பாலோர் எழுத்தறியாத ஏழைக் கூலியாட்கள். ஆயினும், ஞானஸ்நானம் பெற்ற அவர்களைத் தலைமேல் கைவைத்து, நற்செய்தி அறிவிப்பதைத் தங்கள் பொறுப்பாக ஏற்று உறுதிகூறச் செய்தார் (1 கொரி. 9:16). சாட்சி பகரப் பட்டம் தேவையில்லை. வேதாகமக் கல்லூரியில் பயின்ற நான் இதைத் தாமதமாகவே கற்றேன்.

இம்மாதம் அடுத்த வீட்டாரின் பெயரைக் கேட்டறியுங்கள். முதலில் அவர்கள் துயரத்துக்குச் செவிகொடுங்கள். அவர்கள் கேட்கும்போது, இயேசு உங்களுக்குச் செய்ததைத் தட்டுத்தடுமாறியாவது தெலுங்கில் சொல்லுங்கள். திக்குவாயுள்ள மோசேயை அழைத்த தேவன் நம் தடுமாற்றத்தையும் பயன்படுத்துவார். ஆமென்.