கட்டிய வரி திரும்பி வருமா, மாப்ளே?

போடிநாயக்கனூர்க்காரர்களுக்குக் காத்திருப்பது ஒன்றும் புதிதல்ல. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் ரயில் போடி வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15-ல்! பக்கத்துப் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. சுரங்கம் இன்னும் தோண்டவில்லை. (தோண்டவே கூடாது என்பவர்களும் நிறையப் பேர். அது தனிக் கட்டுரை.)

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன்தான் என் பொட்டிபுரத்து மாமா மகன். அவனாலேயே பொறுக்க முடியாத ஒரு காத்திருப்பு 2025-ல் வந்தது. வருமான வரி ரீஃபண்ட், 26,700 ரூபாய்.

"மச்சான், ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டுட்டேன். செப்டம்பர் முடியப் போகுது. தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும். கவர்மெண்ட்காரன் ஏமாத்திருவானா?" என்று போன்.

நான் பி.காம். படித்த பாவத்துக்கு இந்த மாதிரி போன்கள் வருஷா வருஷம் வரும். ஃபீஸ் கிடையாது. சீஸனில் கால் கிலோ ஏலக்காய் வரும், அவ்வளவுதான்.

பையன் கணக்கு இதுதான். சென்னையில் ஒரு கம்பெனியில் மாசம் 80,000 சம்பளம். வருஷம் முழுக்க இருப்பான் என்று நினைத்துக் கம்பெனி 40,040 ரூபாய் வரி கணக்குப் போட்டு, மாசம் 3,337 ரூபாய் பிடித்தது. 2024 நவம்பரோடு பையன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். எட்டு மாசச் சம்பளம் 6,40,000. அதில் நிலைக்கழிவு 75,000 போனால் 5,65,000. புதிய முறையில் அந்த வருஷம் ஏழு லட்சம் வரை வரியே இல்லை. ஆக, பிடித்தது மொத்தமும் திரும்ப வரவேண்டிய பணம். சர்க்கார் கொடுக்கும் இனாம் அல்ல, அவன் காசு.

"சரி மாப்ளே, 26ஏஎஸ் பார்த்தியா?"

"அப்படின்னா?"

இங்கேதான் நம் ஆபீஸ் நண்பர்கள் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். சம்பள ஸ்லிப்பில் 'டி.டி.எஸ்.' என்று ஒரு வரி இருந்தால், வரி கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். ஸ்லிப் என்பது, பிடித்தோம் என்று கம்பெனி உங்களிடம் சொல்வது. கட்டினோம், இன்னாருக்காகக் கட்டினோம் என்று கம்பெனி சர்க்காரிடம் சொன்னால்தான் அது 26ஏஎஸ்-ல் ஏறும். கிட்டத்தட்ட பாங்க் பாஸ்புக் மாதிரி. உங்கள் பான் நம்பரின் பேரில் யார், எந்தத் தேதியில், எவ்வளவு சம்பளமோ வட்டியோ கொடுத்தார்கள், எவ்வளவு வரி பிடித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும். வருமான வரி வெப்சைட்டில் உள்ளே போனால் இலவசமாகப் பார்க்கலாம்.

பக்கத்தைத் திறந்ததும் எல்லாரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்தில் இருக்கும் ஒற்றை எழுத்தையும் பாருங்கள். 'எஃப்' என்றால் கட்டிய பணமும் கொடுத்த கணக்கும் பொருந்திவிட்டன. 'யு' என்றால் பொருந்தவில்லை. அந்த 'யு'வைப் பார்த்தும் சும்மா இருப்பவர்கள் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

2021 நவம்பரிலிருந்து இதற்கு ஓர் அண்ணனும் வந்துவிட்டார். ஏ.ஐ.எஸ். என்று பெயர். சேமிப்புக் கணக்கு வட்டி, ஷேர் விற்றது, டிவிடெண்ட் என்று நீங்களே மறந்துபோனதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். மனைவிக்குத் தெரியாமல் போட்ட டெபாசிட்கூட!

மாப்பிள்ளையின் 26ஏஎஸ்-ஐப் பார்த்தோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாசம், 20,022 ரூபாய், ஒழுங்காக இருந்தது. அக்டோபர், நவம்பர்? காணோம். 6,674 ரூபாய் ஆவியாகிவிட்டது.

கம்பெனிகள் மூன்று மாசத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுக்க வேண்டும். ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 என்று கெடு. மூன்றாவது தவணைக் கணக்கில் இவன் பான் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இரண்டு மாச வரி அம்போ.

பெங்களூரில் 2009-ல் தொடங்கிய மத்திய மையத்தில்தான் நாடு முழுக்க வரும் ரிட்டர்ன்களைக் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. அதற்கு நம் முகம் தெரியாது, தங்கச்சி ஃபீஸும் தெரியாது. நாம் கேட்பதும் 26ஏஎஸ்-ல் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். அக்டோபரில் 143(1) அறிவிப்பு வந்தது. கேட்டது 26,700. கொடுத்தது 20,020, கூடவே 700 வட்டி.

"வட்டி வேற தர்றானா!" என்றான் பையன் ஆச்சரியமாக. தருவான். 244ஏ பிரிவு. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் 1-லிருந்து மாசம் அரை சதவீதம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாசத்துக்கு 700. மொத்த வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவான ரீஃபண்ட் என்றால் வட்டி கிடையாது. வாங்கிய வட்டி அடுத்த ரிட்டர்னில் வருமானம், அதற்கும் வரி உண்டு. (சர்க்காரா கொக்கா?)

2025 ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு இந்த அறிவிப்பை அனுப்பச் சட்டப்படி 2026 டிசம்பர் 31 வரை நேரம் உண்டு. ஆகவே ரெண்டு மாசத்தில் வரவில்லை என்று கொதிப்பதில் பிரயோஜனமில்லை. அந்த நேரத்தில் நம் பக்கம் ஏதாவது தடை இருக்கிறதா என்று பார்ப்பதே லாபம். மூன்று தடைகள் சகஜம்.

ரிட்டர்ன் போட்டு முப்பது நாளைக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமாகவோ வேறு வழியிலோ உறுதி செய்யவில்லை என்றால் அது க்யூவுக்கே வராது. பானும் ஆதாரும் இணையாமல் இருந்தால் 2023 ஜூலை 1 முதல் ரீஃபண்டே கிடையாது. மூன்றாவது, தமிழனுக்கென்றே பிறந்த தொல்லை: இனிஷியல்! பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாங்க் புத்தகத்தில் ஒற்றை எழுத்து இருக்கும். கம்ப்யூட்டருக்கு இவர் வேறு, அவர் வேறு. பாங்க் கணக்கை வெப்சைட்டில் முன்கூட்டியே உறுதி செய்து வைத்தால் இந்த வம்பு முன்னாடியே தெரிந்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா வந்து உட்கார்ந்தார். மலை மேலே ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். 2019-ல் ஏலக்காய் விலை எகிறியபோது கிடைத்த காசில் பாங்கில் பத்து லட்சம் டெபாசிட் போட்டவர்.

"மாப்ளே, விவசாயிக்கு ஏதுப்பா வரி? பாங்க்ல வருஷா வருஷம் ஏழாயிரம் பிடிச்சுக்கிறான்!"

ரெண்டுமே உண்மைதான். பச்சைக் காயைப் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, போடி ஏலத்தில் விற்பது வரை விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அந்தக் காசை டெபாசிட்டில் போட்டதும் வருகிற வட்டி விவசாயம் அல்ல. 2024-25-ல் வட்டி 40,000-ஐத் தாண்டினால் பாங்க் பத்து சதவீதம் பிடிக்கும். மாமாவுக்கு வட்டி 70,000, பிடித்தது 7,000. வேறு வருமானம் இல்லாததால் அவருக்கு வரியே வராது. வருஷ ஆரம்பத்தில் 15ஜி பாரம் கொடுத்திருந்தால் பிடித்தே இருக்கமாட்டார்கள். பாங்கில் யாரும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். டிசம்பர் 31 தாண்டினால் அந்த வருஷத்து ரீஃபண்டுக்குச் சாதாரண ரிட்டர்ன் போட முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும், அதற்கும் ஐந்து வருஷ எல்லை. மாமாவின் 2024-25 ரிட்டர்னை அன்றைக்கே போட்டோம். விவசாய வருமானம் 5,000-க்கு மேல் என்பதால் முதலாம் நம்பர் பாரம் உதவாது, ரெண்டாம் நம்பர். ஓ.டி.பி.தான் வரவில்லை. ஆதாரில் இருந்த செல் நம்பர், என்றைக்கோ ஓடையில் விழுந்த போனுடையது!

ஒரு விஷயம் எச்சரிக்க வேண்டும். ஊருக்கு ஊர் சில ஆசாமிகள் கிளம்பியிருக்கிறார்கள். "சார், முழு ரீஃபண்டும் எடுத்துத் தர்றேன், எனக்குப் பத்து பர்சன்ட்." கட்டாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை எல்லாம் உங்கள் பேரில் எழுதுவார்கள். 2025 ஜூலை 14-ல் வரித்துறை தமிழ்நாடு உள்பட நாடு முழுக்க சோதனை போட்டது இவர்களைத் தேடித்தான். அதற்கு முந்தின நான்கு மாசத்தில் ஏறக்குறைய 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் தாமாகவே வாபஸ் வாங்கியதாகத் துறை சொன்னது. டிசம்பரில் சந்தேகத்துக்குரிய ரீஃபண்டுகளை நிறுத்திவைத்து, திருத்திக்கொள்ளுங்கள் என்று எஸ்.எம்.எஸ். வந்தது. ஆசாமி கமிஷனோடு போய்விடுவார். நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு.

(நான் சொன்ன பிரிவு எண்களெல்லாம் 1961 சட்டத்தினுடையவை. 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு அவைதான். ஏப்ரல் 1 முதல் சம்பாதிப்பதற்கு 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டம்.)

மாப்பிள்ளையின் 6,674-க்கு வருவோம். இதை வரித்துறை திருத்தாது. கம்பெனிதான் திருத்தக் கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்று மெயில் போட்டான், பதில் இல்லை. சம்பள ஸ்லிப்புகளை எடுத்துக்கொண்டு சென்னைக்கே போய் உட்காரச் சொன்னேன். ஸ்லிப்பை வீசி எறிந்துவிட்டவர்களுக்கு இந்த வழியும் கிடையாது. கம்பெனி பிடித்த வரியைக் கட்டாமலே விழுங்கியிருந்தாலும், அதை மறுபடி ஊழியரிடம் கேட்க முடியாது என்கிறது 205-ஆவது பிரிவு. அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆயுதமும் அந்த ஸ்லிப்தான்.

அக்கவுண்ட்ஸ் பையன் நம்பரைப் பார்த்து, "அடடா, ஒரு லெட்டர் மாறிடுச்சு சார்" என்றானாம். திருத்தம் போய், மாப்பிள்ளையின் 26ஏஎஸ்-ல் அக்டோபரும் நவம்பரும் ஏறிவிட்டன, பக்கத்தில் 'எஃப்' போட்டு. உடனே 154-ஆவது பிரிவில் திருத்த மனு போட்டாகிவிட்டது. மிச்சப் பணம் வந்ததும் முதலில் போக வேண்டியது தேனிக்கு. தங்கச்சி ஃபீஸுக்குக் கைமாத்து கொடுத்த சிநேகிதன் அங்கேதான் இருக்கிறான்.