எக்ஸோஸ் மாற்றியதும் என்ஜின் திணறுவது ஏன்?

புதிய எக்ஸோஸ் மாட்டியாகிவிட்டது. ஏர்பாக்ஸின் மேல்மூடியும் கழற்றப்பட்டுவிட்டது. சத்தம் என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால், செம்பனைத் தோட்டத்து மண்மேட்டில் ஏறும்போது எண்ணெயை முறுக்கினால் ஸ்க்ரம்ளர் ஒரு கணம் மூச்சடைத்து நின்று, பிறகுதான் பாய்கிறது. கையை விட்டால் பின்னால் பட்டாசு வெடிக்கிறது. "இவ்வளவு காசு கொட்டியதற்குப் பழைய எக்ஸோஸே தேவலை" என்று அலுத்துக்கொள்ளும் இளைஞர்கள் நம்மிடையே ஏராளம்.

குறை எக்ஸோஸில் இல்லை. காற்று வரும் வழியும் புகை போகும் வழியும் மாறிவிட்டன. இரண்டுக்கும் நடுவில் அமர்ந்து பெட்ரோலை அளந்து கொடுக்கும் கார்புரேட்டர் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் கணினி வழி எண்ணெய் பாய்ச்சும் முறை வந்துவிட்டது. ஆயினும் தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் கார்புரேட்டர் ஸ்க்ரம்ளர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த விளக்கம் அவற்றுக்கானது.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. என்ஜின் முழு இழுவையைக் காட்டுவது அதைவிடச் சற்றுச் செறிவான கலவையில், அதாவது ஒன்றுக்கு 12.5 முதல் 13 வரை. காற்று கூடினால் கலவை 'லீன்', பெட்ரோல் கூடினால் 'ரிச்' என்பது பட்டறை வழக்கு.

காற்று கூடுதலாக உள்ளே போனால் பெட்ரோலும் கூடுதலாக உறிஞ்சப்படும்தானே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏர்பாக்ஸ் இறுக்கமாக இருக்கும்போது கார்புரேட்டரின் வாயருகே காற்றழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும். அந்தக் குறைவும் சேர்ந்துதான் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்தத் துணை போய்விடுகிறது. காற்று தாராளமாக வருகிறது, பெட்ரோல் அதே விகிதத்தில் வருவதில்லை. போதாக்குறைக்கு, புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகத் தொழிற்சாலையே பல வண்டிகளை லீன் பக்கம் அமைத்து அனுப்புகிறது. அமெரிக்காவில் விற்கப்பட்ட பல மாடல்களில் பைலட் ஸ்க்ரூவைத் திருப்ப முடியாதபடி பித்தளை மூடியால் அடைத்தே விடுவார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த சுசுகி டிஆர்-இசட் 400எஸ் வண்டியின் ஏர்பாக்ஸ் மேற்புறத்தில் மூன்றுக்கு மூன்று அங்குலத் துளை வெட்டும் பழக்கம் உலகெங்கும் பிரபலம். அதைச் செய்தவர்கள் கூடவே ஜெட்டையும் மாற்றியாக வேண்டியிருந்தது.

மாற்றாமல் ஓட்டினால் என்ன? ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் சூடு ஏறி எக்ஸோஸ் வால்வும் பிஸ்டன் தலையும் பாதிக்கப்படும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆபத்து இன்னும் கூடுதல். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு. பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் ஓடும் வேகத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கத் தவறியவர் கீழே விழுவார். "டூ-டி ஆயிலைக் கொஞ்சம் கூட்டி ஊற்று, தாங்கும்" என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அது நேர்மாறான வைத்தியம். எண்ணெய் கூடினால் அதே ஜெட் வழியாக வரும் பெட்ரோல் குறைகிறது. கலவை மேலும் லீன் ஆகிறது. 95-க்குப் பதில் 97 அடித்தால் சரியாகும் என்பதும் அப்படித்தான். அந்த எண் என்ஜின் தட்டுவதைத் தாங்கும் திறனைக் குறிப்பது. ஜெட்டின் துளையை அது பெரிதாக்காது.

ஜெட்டைத் தொடுவதற்கு முன்

பாதிப் பேர் தவறுவது இங்கேதான். அழுக்கேறிய ஃபில்டர், தேய்ந்த பிளக், இறுகிப்போன வால்வு இடைவெளி, வெடித்த இன்டேக் ரப்பர், கிண்ணத்தில் மிதவையின் உயரம் மாறியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் ஜெட் மாற்றி மாற்றிப் பார்த்து நாள்தான் வீணாகும். எக்ஸோஸ் என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிந்தாலும் பட்டாசு வெடிக்கும். புதிய எக்ஸோஸ் மாட்டியவர்கள் முதலில் அந்த மூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு துண்டு டேப்பை எண்ணெய் முறுக்கும் பிடியிலும், இன்னொன்றை அதன் அருகில் அசையாத பாகத்திலும் ஒட்டி, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரின் எந்தப் பாகம் வேலை செய்கிறது என்பதை முடிவு செய்வது என்ஜினின் சுற்று வேகம் அல்ல, பிடி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே. மூடிய நிலையிலிருந்து கால்வாசி வரை பைலட் ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் என்றாலும், "எங்கே திணறுகிறது?" என்ற கேள்விக்கு இந்தக் கோடுகள் பதில் சொல்லிவிடும்.

முதலில் மெயின் ஜெட்டைச் சரிசெய்வதே பாதுகாப்பு, ஏனெனில் என்ஜின் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் முழு எண்ணெயில்தான். நன்கு சூடேறிய வண்டியை, வேறு வாகனம் வராத நீண்ட தோட்டப் பாதையில் உயர் கியரில் முழுதாக முறுக்கி, பிறகு பிடியைச் சற்றே, எட்டில் ஒரு பங்கு மட்டும், தளர்த்திப் பார்க்க வேண்டும். தளர்த்தியதும் வண்டி துள்ளி முன்னே போனால் மெயின் ஜெட் சிறியது. மாறாக, முழு எண்ணெயில் 'தடதட'வென்று தெளிவில்லாமல் ஓடி, கரும்புகை விட்டு, பிளக்கும் கரி பிடித்திருந்தால் ஜெட் பெரியது. ஒரு நேரத்தில் ஓர் அளவு மட்டுமே மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் ரிச் பக்கமாகத் தொடங்கி இறங்கி வருவதே நல்லது. ரிச் ஓடினால் பிளக் கெடும். லீன் ஓடினால் பிஸ்டன் கெடும். இரண்டின் விலையும் எல்லாருக்கும் தெரியும்.

ஜெட் வாங்கும்போது ஒரு கவனம். கெய்ஹின் 130-உம் மிகுனி 130-உம் ஒரே அளவல்ல. கார்புரேட்டர் எந்த வகையோ அந்த வகை ஜெட்டே வேண்டும். பழைய ஜெட்டை ஊசியாலோ கம்பியாலோ குடைந்து பெரிதாக்கும் வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. அதன் பிறகு அதன்மேல் பொறித்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஊசியின் தலைப்பகுதியில் சிறு கிளிப் ஒன்று வரிப்பள்ளத்தில் அமர்ந்திருக்கும். கிளிப்பைக் கூர்முனைப் பக்கம் ஒரு பள்ளம் இறக்கினால் ஊசி மேலே ஏறும், கலவை ரிச் ஆகும். மேலே ஏற்றினால் லீன். காட்டுப் பாதையில் பெரும்பாலான நேரம் ஓடுவது இந்த அரைவாசி நிலையில்தான். ஆகவே ஓட்டத்தின் சுகம் முழுவதும் ஊசியில் இருக்கிறது எனலாம். சில மாடல்களின் ஊசியில் பள்ளமே இருக்காது. வேறு ஊசி வாங்க வேண்டும்.

கடைசியாக பைலட். இங்கே போமன்களே குழம்புவதுண்டு. ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ; பெரும்பாலான ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இப்படித்தான். வெளியே திருப்பினால் ரிச். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, டூ-ஸ்ட்ரோக்கில் வழக்கம். அதை வெளியே திருப்பினால் லீன். என்ஜின் சூடான நிலையில் மெதுவாகத் திருப்பி, ஐட்லிங் உச்சமாகவும் சீராகவும் ஒலிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடம் முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒன்று முதல் இரண்டரைச் சுற்றுக்குள் அமைந்தால் பைலட் ஜெட் சரி. பெட்ரோல் ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பெரிய பைலட் தேவை. கையை விட்டபின் ஐட்லிங் இறங்காமல் தொங்குவதும் லீன் என்பதற்கு அடையாளம்.

ஒவ்வொரு முறையும் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் கழற்ற வேண்டும். அருகில் சிகரெட் கூடவே கூடாது. பித்தளை மிருதுவானது, பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் ஜெட்டின் தலை சிதைந்தால் பிறகு பெரும்பாடு.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அனுமதி பெறாமல் மாற்றியமைத்த எக்ஸோஸோடு பொதுச்சாலையில் ஓடினால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் ஜேபிஜே நடவடிக்கை எடுக்கலாம். பதிவே இல்லாத போட்டி ஸ்க்ரம்ளர் சாலைப்பக்கம் தலைகாட்டவே முடியாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

வெளிநாட்டு ஜெட் அட்டவணைகளை அப்படியே பின்பற்றுவதும் சரிவராது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதற்குப் பெரிய ஜெட் வேண்டும். நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றுக்கு அதே என்ஜினில் சற்றுச் சிறிய ஜெட் போதும். நல்ல வேளையாக, ஆண்டு முழுவதும் நம் தட்பவெப்பம் பெரிதாக மாறுவதில்லை. சமவெளியில் ஒருமுறை சரியாக அமைத்தால் நிலைத்து நிற்கும்.

கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. தாப்பாவில் கச்சிதமாக ஓடிய வண்டி, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் சோம்பும். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு; அதே ஜெட் அங்கே ரிச். ஒருநாள் பயணம் என்றால் அப்படியே ஓட்டிவிட்டு வந்துவிடலாம், கெடுதல் இல்லை. பல நாள் தங்கிச் சிறிய ஜெட் போட்டவர்கள், மலையிறங்கும் முன் பழைய ஜெட்டை மறுபடி மாட்டியிருக்கிறார்களா என்று ஒன்றுக்கு இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறிய ஜெட்டோடு தாப்பாவுக்கு வந்து முழு எண்ணெய் முறுக்கினால், பிஸ்டன் தாங்காது.