வானம் இருட்டினாலே வயிறு பிசைகிறதா?

‘ரெட் அலர்ட்’ என்று செய்தி வந்தால் போதும், சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி விடுகின்றன. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த மக்கள் வேறென்ன செய்வார்கள்? காரையாவது மேட்டில் ஏற்றிவிடலாம். தூறல் சத்தம் கேட்டதுமே வயிறு பிசைவதையும், நள்ளிரவில் எழுந்துபோய் வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதையும் எங்கே ஏற்றி வைப்பது?

பருவநிலை மாற்றத்தை நினைத்து வரும் இத்தகைய பயத்தைச் சூழலியல் பதற்றம் என்கிறார்கள். வெள்ளத்தையே பார்க்காதவர்களுக்கும் இது வருகிறது. இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வெளியானது. பருவநிலை மாற்றம் பற்றிய உணர்வுகள் தங்கள் அன்றாட வாழ்க்கையையே பாதிப்பதாக 45 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொல்லியிருந்தார்கள். இது மனநோய் அல்ல. ஆபத்து நிஜம், எனவே பயமும் நியாயமானது. “சும்மா பயப்படாதே” என்று பிள்ளைகளின் வாயை அடைப்பது அவர்களைத் தனிமைப்படுத்தவே செய்யும்.

பாம்பைக் கண்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ஓடித் தப்பியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. பருவநிலை மாற்றத்திடமிருந்து ஓட இடமில்லை. கைபேசியில் தினமும் புதிதாக ஒரு காட்டுத்தீ, ஒரு நிலச்சரிவு. தோள் இறுகியபடி, மூச்சு மேலோட்டமாக, உடல் எந்நேரமும் தயார்நிலையிலேயே இருக்கிறது. அந்த உடலிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூஜின் ஜென்ட்லின், உடல் உணர்வதைக் கவனிக்கும் ‘ஃபோகஸிங்’ என்ற முறையை உருவாக்கினார். 1978-ல் அதே பெயரில் அவருடைய புத்தகமும் வந்தது. செய்முறை எளிது. பாதங்களைத் தரையில் பதித்து உட்காருங்கள். பயம் உடம்பில் எங்கே இருக்கிறது? தொண்டையிலா, அடிவயிற்றிலா? அடைப்பா, கனமா, நடுக்கமா? விரட்ட வேண்டாம், பொருந்துகிற சொல் கிடைக்கும்வரை அதனோடு இருங்கள். சொல் சரியாக அமையும்போது இறுக்கம் கொஞ்சம் தளர்வதை உணரலாம். கூடவே, மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணியும். பேரிடரை நேரில் அனுபவித்த சிலருக்கு உள்ளே கவனிக்கக் கவனிக்கப் படபடப்பு கூடலாம். அவர்கள் உடனே கண்ணைத் திறந்து, சுவரைத் தொட்டு, எதிரே தெரியும் பொருள்களைப் பார்ப்பதே நல்லது.

அடுத்தது, வெளியே வருவது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மலையேற வேண்டியதில்லை. வேளச்சேரிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது. 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சதுப்புநிலம் அது. கூழைக்கடா இறங்குவதையும் தாழைக்கோழி கோரைக்குள் நுழைவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் மூச்சும் தானாக நிதானப்படும். மழைநீரை வாங்கிக்கொள்ள வேண்டிய அந்த நிலத்தைக் கட்டடங்களும் குப்பைமேடும் விழுங்கியதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம். அதனால் அங்கே நிற்கும்போது கோபமும் வரும். வரட்டும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் ஏரி தூய்மைப் பணிக்கும் ஆட்களைக் கூட்டிவருவது பெரும்பாலும் அந்தக் கோபம்தான்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலையோ படிப்போ தடைபட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.