ரேந்தை, பிடியரிசி, தேன்

1819ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் தலைவரி கட்டின. கூலியில்லாத ஊழிய வேலைக்கும் ஆள் அனுப்பின. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளியை நடத்தினார். எழுத்துக்கும் வாசிப்புக்கும் அப்பால் அவர் கற்றுக்கொடுத்தது ரேந்தை (லேஸ்) பின்னும் தொழில்.

மடியில் கெட்டியான தலையணை. அதன்மேல் மாதிரித் தாள், தாள்மேல் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றித் தொங்கும் மரக்குச்சிகள். குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஊசிகளைச் சுற்றி நூலை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு விரற்கடை நீளம் பின்னவே நெடுநேரம் பிடிக்கும். பின்னிய ரேந்தையை இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்தவர்களும் வாங்கினார்கள். அந்தப் பணம் பள்ளிச் செலவுக்கு உதவியது. அடிமைகளாக இருந்த சில பெண்கள் தங்கள் பங்கைச் சேர்த்துவைத்து, அதைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வந்தது. ஆணை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தன் விலையைத் தன் விரல்களால் சம்பாதித்த பெண் இங்கே இருந்திருக்கிறாள். குமரி வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். தேரிக்காட்டு மணலிலும் ரேந்தைத் தலையணைகள் பெண்களின் மடிக்கு வந்தன. கால்டுவெல்லின் இலக்கணத்தைப் பற்றி எழுதப்பட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தத் தலையணைகளைப் பற்றி எழுதப்படவில்லை. பின்னிய பெண்களின் பெயர்களும் பெரும்பாலும் பதிவாகவில்லை. கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்களே பதிவாயின. அந்தக் காலத்துக் கொடையின் குறை இது. கொடுத்தவர் மேலே நின்றார். எதைப் பின்னுவது, யாருக்கு விற்பது, என்ன கூலி என்பதையெல்லாம் அவரே முடிவுசெய்தார்.

இன்று இயந்திரம் நெய்த ரேந்தை ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. கையால் பின்னத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். ரேந்தை பின்னியவர்களின் வழிவந்தவர்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வெளிநாடுகள்வரை வேலை பார்க்கிறார்கள். ஒரு கைத்தொழில் அழிந்தது வருத்தம்தான். ஆனால் அந்தத் தொழில் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது நடந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே மண்ணில், அதே மக்களிடையே வேறொரு நம்பிக்கையும் கொடையைத் தன் வழியில் நடத்தியது. அய்யா வைகுண்டரைப் பின்பற்றியவர்கள் ஊர்தோறும் நிழல்தாங்கல் கட்டி, வந்தவருக்குச் சோறிட்டார்கள். சாமித்தோப்பின் முத்திரிக்கிணற்றில் சாதி பார்க்காமல் எல்லோரும் தண்ணீர் எடுத்தார்கள். தனித்தனிக் கிணறு இருந்த காலத்தில் ஒரே கிணறு என்பது எத்தனை பெரிய கொடை என்று இன்று குழாயைத் திருகும் நமக்கு விளங்குவது கடினம். தாங்கல்களில் அன்னதானம் இன்றும் நடக்கிறது.

கொடுப்பதற்குச் செல்வம் தேவையில்லை என்று காட்டியது கிறிஸ்தவ வீடுகளின் பிடியரிசி. உலை வைக்கும் நேரத்தில், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். சேர்ந்த அரிசியை விற்று ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் செலவிட்டார்கள். தன் பெயரில் ஒரு செண்டு நிலமோ ஒரு சக்கரக் காசோ இல்லாத பெண்ணுக்கும் உலையரிசி மீது அதிகாரம் இருந்தது. அதிலிருந்துதான் அவள் கொடுத்தாள். அறுப்பின் பண்டிகையில் முதல் வாழைக்குலை, முதல் தேங்காய், கோழி, முட்டை என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். முட்டை ஒன்றைப் பத்து மடங்கு விலைக்கு ஏலம் எடுத்துவிட்டு, அதையே மறுபடி ஏலத்துக்கு விடும் வழக்கமும் உண்டு.

அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. பிடியரிசி மட்டும் பெரும்பாலும் காணிக்கை உறையாக மாறிவிட்டது. உறையும் இப்போது கைப்பேசிப் பரிமாற்றமாகிக்கொண்டிருக்கிறது. தொகை பல மடங்கு பெருகியிருக்கிறது, கணக்கும் துல்லியமாக இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் ஒரு நொடியில் அனுப்பும் பணத்தை அவன் பாட்டி ஓராண்டு முழுக்கப் பிடிபிடியாகச் சேர்த்தாலும் எட்டியிருக்க மாட்டாள். ஆனால் அவள் நாள்தோறும் அடுப்பின் முன் ஒருமுறை இல்லாதவரை நினைத்தாள். அவன் மாதம் ஒருமுறை நினைக்கிறான்.

கொடையும் தொழிலும் மிக நெருங்கிக் கலந்த இடம் மார்த்தாண்டம். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக இருந்த கே.டி. பால் சேலத்துக்காரர். கடனில் மூழ்கிய விவசாயிக்குப் பிரசங்கத்தைவிடக் கூட்டுறவுக் கடன் முதலில் வேண்டும் என்று கண்டு, சங்கத்தின் பார்வையைக் கிராமத்தின் பக்கம் திருப்பினார். அந்த வழியில் 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நிறுவினார். அவருடைய விதி எளிது: மக்கள் தாங்களே செய்ய வேண்டும், செய்யத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இலவசமாக எதையும் தூக்கிக் கொடுப்பதில்லை. சீமைச் சேவலை நாட்டுக் கோழியோடு சேர்த்துப் பெரிய முட்டை, அந்த முட்டையை ஒன்றாக விற்க ஒரு கூட்டுறவு, சுத்தமாகக் காய்ச்சிய கருப்புக்கட்டி, பிறகு தேனீ.

அதற்கு முன்பு தேன் எடுப்பது என்றால் மரப்பொந்தில் புகைபோட்டு, அடையைப் பிய்த்து, புழுவும் முட்டையும் சேர்த்துப் பிழிவதுதான். கூடு அழிந்துவிடும். மையத்தில் சொல்லிக்கொடுத்தது பெட்டி முறை. கீழே புழு அறை, மேலே தேன் அறை, இரண்டிலும் கழற்றி மாட்டும் சட்டங்கள். சட்டத்தை உருவி, இயந்திரத்தில் சுழற்றித் தேனை மட்டும் எடுத்துவிட்டு அடையை மீண்டும் மாட்டிவிடலாம். இதற்குத் தோதான சிறிய பெட்டியைத் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் ஏற்கெனவே வடிவமைத்திருந்தார். நிலமில்லாதவனும் வீட்டோரத்தில் இரண்டு பெட்டி வைக்கலாம். தேனீ அடுத்தவர் தோட்டத்துப் பூவைக் கேட்காமல் நாடும், அதற்கு வேலியில்லை. தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1930களில் உருவானது.

அன்று தென்னையும் புளியும் கலந்த தோட்டங்கள்; இன்று ரப்பர். ரப்பர் மரம் தை, மாசியில் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, பூவில் அல்லாமல் இளந்துளிரின் காம்பிலேயே தேன் சுரக்கிறது. ஆண்டின் பெரும் அறுவடை அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். அன்று வீட்டோரத்தில் இரண்டு பெட்டி வைத்திருந்தவரின் பேரன் இன்று நூற்றுக்கணக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்கள்வரை கொண்டுபோகிறார். 1990களின் தொடக்கத்தில் வந்த தாய் சாக் புரூட் என்ற புழுநோயில் தென்னிந்தியா முழுவதும் இந்தியத் தேனீக் கூட்டங்கள் மடிந்தன. பலர் தொழிலையே விட்டார்கள். விடாதவர்கள் மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ரப்பர் மரங்களைச் சாய்த்தது. அதையும் தாண்டி மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

இப்போது உதவி வேறு வழியில் வருகிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள்வரை, சொந்தச் சேமிப்பு, தாங்களே எழுதும் தீர்மானப் புத்தகம். குழுக் கடனுக்கு 20 லட்சம் ரூபாய்வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு என்று குழுவே தீர்மானிக்கிறது. மார்த்தா மால்ட்டின் பள்ளியில் படித்த எந்தப் பெண்ணுக்கும் இந்த அதிகாரம் இருந்ததில்லை. எவருடைய இரக்கத்துக்கும் காத்திராமல் மேலாளர் முன் நாற்காலியில் உட்கார்ந்து கடன் கேட்கும் உரிமையை நான் எந்தப் பழைய நன்மைக்கும் ஈடாகக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் குழுக்களுக்குப் பக்கத்திலேயே நுண்கடன் நிறுவனங்களும் நுழைந்துவிட்டன. ஒரு வீட்டில் மூன்று நான்கு கடன்; ஒன்றின் தவணைக்கு இன்னொன்று. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. பணம் கொண்டுவருபவருக்கு ரேந்தை தெரியாது, தேனீ தெரியாது. தெரிய வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஹேட்சின் விதியில் முதல் பாதி நிலைத்துவிட்டது; பக்கத்தில் இருக்க வேண்டியவர் போய்விட்டார்.

தேனீ வளர்ப்பவரின் வருமானம் துளிர்க் காலத்தில் மொத்தமாக வரும். மழைக்காலத்தில் வரவு நின்று, கூட்டத்தைக் காப்பாற்றச் சர்க்கரைப் பாகுக்குச் செலவுதான் ஆகும். நுண்கடனோ ஆடியிலும் ஐப்பசியிலும் வாரம் தவறாமல் தவணை கேட்கிறது. கட்டுவதற்குப் பெட்டியை விற்றால் அடுத்த தைக்குக் கூட்டம் இருக்காது. ஆலயத்தில் சேரும் காணிக்கையும் பள்ளிவாசலில் சேரும் ஜகாத்தும் தாங்கலுக்கு வரும் பணமும் இன்று முன்னெப்போதையும்விட அதிகம். அதில் ஒரு பகுதியை வட்டியில்லாக் கைமாற்றாக, தை வரை பொறுக்கும் கடனாக, தொழில் தெரிந்த ஓர் ஆளின் சம்பளமாக மாற்றுவது இந்த மாவட்டத்துக்குக் கடினமான காரியமே அல்ல.