அழைப்பை எடுப்பது இயந்திரம், பொறுப்பேற்பது யார்?

வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது மறுமுனையில் பேசுவது மனிதரா, இயந்திரமா என்ற கேள்வி இன்று வங்கி, காப்புறுதி, விமானச் சேவை எனப் பல துறைகளிலும் எழுந்துள்ளது. "ஆங்கிலத்திற்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் பழைய பதிவுக் குரலை அனைவரும் அறிவர். இப்போது வந்திருப்பது அதுவல்ல. வாடிக்கையாளர் தம் போக்கில் பேசுவதைக் கேட்டு, அதற்கேற்பப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இது. 'குரல் முகவர்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குரல் முகவர் எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலும் மூன்று படிகளில். முதலில், காதில் விழும் பேச்சை எழுத்தாக மாற்றுகிறது. அடுத்து, அந்த எழுத்தைப் படித்து என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்கிறது. தேவைப்பட்டால் முன்பதிவு ஏட்டையோ விலைப்பட்டியலையோ பார்த்துக்கொள்கிறது. கடைசியாக, எழுத்தில் உள்ள பதிலைக் குரலாக்கிப் பேசுகிறது.

இவை அனைத்தும் மிக வேகமாக நடக்க வேண்டும். பத்து மொழிகளில் மக்கள் பேசிக்கொள்வதை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அது கண்டது. இயந்திரம் இரண்டு விநாடி தயங்கினாலே, அழைத்தவர் "ஹலோ, ஹலோ" என்று குரல் கொடுக்கத் தொடங்கிவிடுவார்.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. நள்ளிரவிலும் அழைப்பை எடுக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் அழைத்தாலும் எவரையும் காக்க வைக்காது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், இன்று மாலை இடம் இருக்கிறதா போன்ற கேள்விகளுக்கு இது போதுமானது. சமைப்பவரே தொலைபேசியையும் எடுக்க வேண்டிய சிறிய உணவகத்தில், தவறிப்போகும் ஒவ்வோர் அழைப்பும் தவறிப்போன வியாபாரம் அல்லவா?

சிக்கல் எங்கே தொடங்குகிறது? முதலாவது, காதில். வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஆங்கில எழுத்துகளான 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளவை. கார் எண்ணையோ பெயரையோ எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது மனிதரே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, பேச்சுவழக்கு. அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணர் மென்பொருள்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெள்ளையர் பேசிய நூறு சொற்களில் சராசரியாக 19 பிழைகளும், கறுப்பினத்தவர் பேசிய நூறு சொற்களில் 35 பிழைகளும் ஏற்பட்டன. இரு தரப்பினரும் பேசியது ஆங்கிலமே. அப்படியிருக்க, ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம் முதியவர்களின் நிலை என்ன? ஆகவே, விற்பவர் காட்டும் மாதிரி உரையாடலை மட்டும் கேட்டு எந்த முதலாளியும் முடிவெடுக்கக்கூடாது. தம் சொந்த வாடிக்கையாளர்கள் சிலரைப் பேசச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வேலை. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம், குரல் இயந்திரத்தைக் கொண்டுவந்ததால் 45 பணியிடங்கள் தேவையில்லை என்று அறிவித்தது. வாரத்திற்கு 2,000 அழைப்புகள் குறைந்துவிட்டதாக வங்கி கூறியது. தொழிற்சங்கமோ அதை மறுத்தது. அழைப்புகள் கூடிவிட்டன, ஊழியர்களுக்கு மிகைநேர வேலை தரப்படுகிறது, குழுத் தலைவர்களே தொலைபேசியை எடுக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டி, விவகாரத்தை வேலையிடத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு சென்றது. ஆகஸ்டு மாதத்தில் வங்கி தன் மதிப்பீடு தவறு என ஒப்புக்கொண்டு, ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஆட்குறைப்பைக் கைவிட்டது. இயந்திரம் அழைப்பை எடுத்துவிட்டது என்பதற்காக, அழைத்தவரின் காரியம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. காரியம் முடியாதவர் மீண்டும் அழைப்பார். அப்போது கோபத்தோடு அழைப்பார்.

நான்காவது, பொறுப்பு. கனடாவில் பாட்டியை இழந்த பயணி ஒருவர், துக்க காலக் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் இணையத்தளத்தில் இருந்த உரையாடு மென்பொருளிடம் கேட்டார். பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது தவறாகச் சொன்னது. அது எழுத்து வழி உரையாடல்தான். ஆனால் அதில் உள்ள பாடம் குரலுக்கும் பொருந்தும். அந்தத் தவற்றுக்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, சுமார் 812 கனடிய வெள்ளி வழங்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது, ஆனால் தீர்ப்பு சொல்லும் செய்தி பெரியது.

எனவே, குரல் முகவரை அமர்த்த விரும்பும் வணிகர் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. பேசுவது இயந்திரம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெயர், தேதி, தொகை ஆகியவற்றைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தச் செய்ய வேண்டும். "ஆளிடம் பேச வேண்டும்" என்று வாடிக்கையாளர் சொன்ன உடனே அழைப்பு மனிதரிடம் போக வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவது, சலுகை வழங்குவது போன்ற முடிவுகளை இயந்திரத்திடம் விடக்கூடாது. விளம்பரத்திற்காக வெளியே அழைப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரில் 2014 முதல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு நடப்பில் உள்ளது. அமெரிக்காவோ, தானியங்கி அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் 1991ஆம் ஆண்டுச் சட்டம் செயற்கை நுண்ணறிவுக் குரலுக்கும் பொருந்தும் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

எளிய கேள்விகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால், ஊழியரிடம் வந்து சேர்வது கடினமான அழைப்புகள் மட்டுமே. அவற்றைக் கேட்கப் பொறுமையும், முடிவெடுக்க அதிகாரமும் உள்ளவர்கள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியது எந்தக் குரலாக இருந்தாலும், கடையின் பெயரில் கொடுக்கப்பட்ட வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர் கடைக்காரர்தான்.