உறங்கும் கணனியைத் தூரத்திலிருந்து எழுப்புதல்

இருபது கணனிகள் உள்ள ஒரு பாடசாலைக் கணனி அறையை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் ஒரு புதிய மென்பொருளை நிறுவ வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களையும் ஏற்ற வேண்டும். பகலில் செய்தால் பிள்ளைகளின் பாடம் குழம்பும். இரவிலோ கணனிகள் நிறுத்தப்பட்டிருக்கும். யாராவது ஒருவர் அறையைத் திறந்து, மேசை மேசையாகச் சென்று பொத்தானை அழுத்த வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத இடங்களில் இவ்வேலை மாதக்கணக்கில் பின்தள்ளிப் போகிறது.

பின்தள்ளினால் என்ன என்று கேட்கலாம். 2017 மார்ச் 14ஆந் திகதி மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12ஆந் திகதி அதே ஓட்டை வழியாக ‘வொன்னாக்கிறை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. இடையில் ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது. ஆயினும் இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையில் 236 அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிப்புற்றன. ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் கைவிடப்பட்டன.

கணனியை நிறுத்திவிட்டோம் என்று நாம் சொல்லும்போது அது முற்றாக நின்றுவிடுவதில்லை. 1995இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அமைப்பின்படி, சுவர் ஆளி போடப்பட்டிருக்கும் வரை மின்வழங்கியிலிருந்து 5 வோல்ற் மின்சாரம் தாய்ப்பலகைக்குச் சிறிதளவு வந்துகொண்டே இருக்கும். அதைக்கொண்டு வலையமைப்பு அட்டை விழித்திருக்கும். நிறுத்திய கணனியின் பின்புறத்தில், வடம் செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிவதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

அந்த அட்டை ஒரேயொரு அழைப்புக்காகக் காத்திருக்கிறது. இந்த அழைப்பை 1990களின் நடுப்பகுதியில் ஏ.எம்.டி. நிறுவனமும் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனமும் வகுத்தன. 1997இல் இன்ரெல், ஐ.பி.எம். கூட்டு இம்முறையைப் பரவலாக்கியது. ‘மந்திரப் பொதி’ என்று பெயர் பெற்றிருந்தாலும் அதில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில் 255 என்னும் எண் ஆறு தரம். அதன்பின் எழுப்பவேண்டிய அட்டைக்குரிய மக் இலக்கம் பதினாறு தரம். அந்த இலக்கம் 6 பைற் நீளமுடையது. ஆகவே மொத்தம் 102 பைற்றுகள். உறங்கும் கணனிக்கு வலையமைப்பு முகவரி இராது என்பதால் பொதி எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படுகிறது. விடுதியில் ஒருவரின் பெயரைப் பதினாறு தரம் கூப்பிடுவது போன்றதுதான்: எல்லோர் காதிலும் விழும், பெயருக்குரியவர் மட்டும் எழும்புவார்.

இதற்கு முதலில் கணனியின் பயோஸ் அமைப்பிலும், விண்டோஸில் அட்டைக்குரிய பகுதியிலும் அனுமதி கொடுக்க வேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்றொரு வசதி உண்டு. அது இருந்தால் பல கணனிகள் அழைப்புக்கு எழும்பா. அதை நீக்கிவிடுவதே நல்லது. ஒவ்வொரு கணனியின் மக் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அழைப்பை அனுப்பும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இவ்வழைப்பு பொதுவாக ஒரே உள்ளக வலையமைப்புக்குள்தான் செல்லும். வழிப்படுத்தி அதை வெளியே விடாது. கொழும்பில் இருந்துகொண்டு வவுனியாக் கணனியை எழுப்புவதென்றால், அந்த அறையிலேயே எப்போதும் இயங்கும் ஒரு சிறு கணனி வேண்டும். பாதுகாப்பான இணைப்பில் அதனுள் நுழைந்து, அதைக்கொண்டு கூப்பிடச் செய்யலாம். கம்பியில்லா இணைப்பை மட்டும் நம்பியுள்ள கணனிகளில் இம்முறை பெரும்பாலும் பயன்தராது. அழைப்புக்குப் பதிலும் வராது. எழும்பியதா என்று நாமேதான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்பாமல் நாலைந்தாக எழுப்பினால் மின்னிணைப்புக்கும் சுமை குறையும்.

இந்த அழைப்புக்குச் சாதாரணமாகக் கடவுச்சொல் கிடையாது. கணனியை அது தொடக்குமேயன்றி உள்ளே புகவிடாது. என்றாலும் உள்ளக வலையமைப்புக்குள் புகுந்தவர் எவரும் இதைப் பயன்படுத்தலாம். ‘றியூக்’ என்னும் தீநிரல் நிறுத்தியிருந்த கணனிகளை இவ்வாறு எழுப்பித் தாக்கியது 2020இல் வெளிவந்தது. எனவே அந்நியரின் மடிக்கணனிகளைக் கணனி அறை வடத்தில் செருக விடாதீர்கள்.

எமது ஊர்களில் இன்னுமொரு சிக்கல் உண்டு. இடிமின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்ரோபர் மாதங்களில் செருகியைக் கழற்றி வைப்பது வழக்கம். கழற்றினால் 5 வோல்ற்றும் இல்லை, எழும்பலும் இல்லை. அக்காலத்தில் கணனியைக் காப்பதே முதல் வேலை. நிறுவல் வேலைகளை அமைதியான வாரங்களுக்கு ஒதுக்குங்கள். மின்சாரம் திரும்பி வந்தபின் சில கணனிகள், ஒருமுறை கையால் இயக்கி ஒழுங்காக நிறுத்தும் வரை அழைப்பைக் கேளா. மின் வந்ததும் தானாகவே தொடங்கும்படி பயோஸில் ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டுவைத்தால் அந்த அலைச்சலும் இல்லை.