பி.சி.ஆர்-ஏ.பி.எல் புரதம்

பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்பது நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் புரதமாகும். நோயை உறுதிசெய்யும் அடையாளமும் இதுவே. மருந்து சென்று தாக்கும் இலக்கும் இதுவே.

தோற்றம்

மனிதரின் 9ஆம் குரோமோசோமில் ஏ.பி.எல் மரபணுவும் 22ஆம் குரோமோசோமில் பி.சி.ஆர் மரபணுவும் உள்ளன. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு குருத்தணுவில் இவ்விரு குரோமோசோம்களும் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதே நோயின் தொடக்கம். இதனால் குட்டையாகிப்போகும் 22ஆம் குரோமோசோமை 1960இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகியோர் கண்டறிந்தனர். அவர்கள் பணியாற்றிய நகரத்தின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் எனப்படுகிறது. நடந்திருப்பது இடமாற்றம் என்பதை 1973இல் ஜேனட் ரௌலி விளக்கினார். இம்மாற்றம் பிறந்த பின் ஏற்படுவது. பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று. நோய் பரம்பரையாக வரும் என்று அஞ்சித் திருமணப் பேச்சை நிறுத்துவோர் இதை அறிய வேண்டும்.

செயற்பாடு

ஏ.பி.எல் ஒரு நொதி. ஏ.டி.பி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறு புரதங்களிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மீது ஏற்றுவது அதன் வேலை. உயிரணு பெருகுவதற்கான சைகைகளுள் இதுவும் ஒன்று. இயல்பான ஏ.பி.எல் தேவையானபோது மட்டும் இயங்கும். பி.சி.ஆர் துண்டு ஒட்டிக்கொண்டபின் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. அணைக்க முடியாத சுவிட்சைப் போல நொதி ஓயாமல் இயங்க, வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி மண்ணீரலும் வீங்குகிறது.

மருந்தும் சென்னை வழக்கும்

இந்நொதியில் ஏ.டி.பி வந்து அமரும் குழியை அடைத்துக்கொள்ளும் மருந்து இமாட்டினிப். அமெரிக்காவில் 2001 மே மாதம் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் இன்டர்ஃபெரான் ஊசியும் எலும்பு மஜ்ஜை மாற்றுமே முக்கிய வழிகளாக இருந்தன. மாத்திரையால் இந்நோயை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கலாம் என்றானது மருத்துவ வரலாற்றில் பெரிய திருப்பம்.

ஆனால் விலை? வழக்கு நடந்த காலத்தில் நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்கு அப்போது பத்தாயிரம் ரூபாய் அளவே ஆனது. இமாட்டினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்னும் சட்டப்பிரிவு 3(டி)யை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. நோவார்டிஸ் பல நோயாளிகளுக்கு இம்மருந்தை இலவசமாக வழங்கியதும் உண்மை. எனினும் மருந்து உரிமையாகக் கிடைப்பதும் கொடையாகக் கிடைப்பதும் ஒன்றல்ல.

அடையாளமாகப் பயன்படுதல்

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் வெள்ளணு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். நோய் தீர்ந்தது என்று எண்ணிப் பலர் தவறு செய்வது இங்கேதான். மீந்திருக்கும் நோயணுக்களைச் சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டாது, தமிழில் பி.சி.ஆர் மரபணுவின் பெயரைப் போலவே எழுதப்படும், ஆனால் அதனோடு தொடர்பில்லாத பி.சி.ஆர் என்னும் ஆய்வகச் சோதனை காட்டும். (இருவேறு பெயர்கள் தமிழில் ஒரே எழுத்துவடிவில் வருவது மாணவரைக் குழப்பும்.) கண்டிப்பாகச் சொன்னால், இச்சோதனை அளப்பது புரதத்தை அன்று, அதை உருவாக்கும் தூது ஆர்.என்.ஏ.வை. பன்னாட்டு அளவுகோலில் இது 3 மாதங்களில் 10 சதவீதத்துக்குள்ளும், 12 மாதங்களில் 0.1 சதவீதத்துக்குள்ளும் இறங்குவது நல்ல அறிகுறி.

அளவு மீண்டும் ஏறினால், முதலில் கேட்க வேண்டியது மாத்திரை தவறாமல் உட்கொள்ளப்படுகிறதா என்பதே. அடுத்து, புரதம் உருமாறியிருக்கிறதா என்று பார்ப்பர். 315ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்துவிட்டால் இமாட்டினிப் குழியில் பொருந்தாது. அப்போது பொனாட்டினிப் போன்ற வேறு மருந்து தேவைப்படும்.

பல ஆண்டுகள் இந்த அளவு மிகக் கீழே நீடித்த சிலருக்கு மருத்துவர் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள். ஆகையால் நிறுத்திய தொடக்க மாதங்களில் மாதந்தோறும் சோதனை செய்யப்படுகிறது.